1968 அம்பாசடர்: போர்ட்டிகோவில் தினமும் ஆயில் சொட்டுகிறது, இன்ஜினை இறக்கத்தான் வேண்டுமா?

காரைக்குடி மார்க்2:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1968 மாடல் அம்பாசடர் மார்க் 2 இருக்கிறது. அப்பா 1974-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. என் அக்காமார் இருவர் கல்யாணத்துக்கும் இந்த வண்டியில்தான் ஊர்வலம். அப்பா தவறியபின் இரண்டரை வருடம் ஷெட்டிலேயே நின்றுவிட்டது. இந்தத் தை மாதம் பேட்டரி மாற்றி, டேங்கைக் கழுவி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து ஸ்டார்ட் பண்ணினோம். மூன்றாவது முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த அம்மா, தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

இப்போது பிரச்சினை ஒழுகல். மூன்று இடத்தில்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே ஆயில். ராத்திரி நிறுத்தினால் காலையில் ஊத்தப்பம் அளவுக்கு வட்டம். அடுத்தது, ரேடியேட்டரில் வாரத்துக்கு ஒரு சொம்புத் தண்ணீர் குறைகிறது. ஆனால் தரையில் ஈரம் தெரியவில்லை. மூன்றாவது, பின்பக்க இடது டயரின் உட்புறம் ஈரமாகப் பளபளக்கிறது.

இங்கே ஒரு பட்டறையில் காட்டினேன். "கிராங்கின் (இன்ஜினின் சுழல் தண்டு) பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, இன்ஜினை இறக்கணும், அறுபதாயிரம் ஆகும். இறக்கும்போதே எல்லா ஜாயின்டுக்கும் சிலிக்கான் பேஸ்ட் வைத்துவிடலாம்" என்றார்கள். டயர் ஈரத்தைக் கேட்டதற்கு, "அது பின் அச்சு ஹவுசிங் ஆயில், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில். அப்பா கைபட்ட இன்ஜினைக் காரணம் தெரியாமல் பிரிக்க மனம் வரவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பட்டறை கோவை:

தம்பி, நீங்கள் கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டயர் உட்புற ஈரம் என்னவென்று தெரியும்வரை வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள். கோவையில் முப்பத்தெட்டு வருடம் பட்டறை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆயில் சொட்டுகிற வண்டி வீட்டுத் தரையைக் கெடுக்கும், அவ்வளவுதான். பிரேக் ஃபுளூயிட் ஒழுகும் வண்டி ஆளைக் கெடுக்கும். உங்கள் மாடலில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதித்தால் ஃபுளூயிடைத் தள்ளும் சிலிண்டர்), ஒரே லைன். ஒரு சக்கரத்தில் ஃபுளூயிட் தீர்ந்தால் நான்கிலும் பிரேக் இல்லை. இப்போதைய வண்டிகளில் இரண்டு தனி லைன் இருப்பதால் ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். பழைய வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஈரம் எதுவென்று கண்டுபிடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும். டயர் உட்புறத்தை விரலால் வழித்து, அந்த விரலைத் தண்ணீரில் முக்குங்கள். எண்ணெய்ப் படலமாக மேலே மிதந்தால் ஹவுசிங்கில் இருக்கும் கியர் ஆயில். மிதக்காமல் தண்ணீரோடு கரைந்துபோனால் பிரேக் ஃபுளூயிட். வாசனையும் சொல்லும். கியர் ஆயிலில் கந்தக நெடி அடிக்கும், ஒருமுறை மோந்தவர் மறக்க மாட்டார். பிரேக் ஃபுளூயிட் விரலில் வழுக்கும், ஆனால் சோப்பு இல்லாமலே கழுவினால் போய்விடும்.

இன்று ராத்திரியே இன்னொன்றும் செய்யுங்கள். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி மாதிரி பெரிய அட்டையாகப் பார்த்து வண்டிக்குக் கீழே விரியுங்கள். நான்கு சக்கரம் எங்கே, இன்ஜின் எங்கே என்று பேனாவால் குறியுங்கள். காலையில் எந்தச் சொட்டு எந்த இடத்தில், என்ன நிறத்தில் என்று படம் எடுத்துப் போடுங்கள். சிமென்ட் தரையில் எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரியும். அட்டையில் நிறம் பிரிந்து தெரியும்.

காரைக்குடி மார்க்2:

ஐயா, நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன். கரைந்துபோய்விட்டது. படலமே இல்லை. பிரேக் ஃபுளூயிட்தான். போன ஞாயிறு இந்த வண்டியில் பிள்ளையார்பட்டிக்குக் குடும்பத்தோடு போய் வந்தோம். நினைத்தாலே கை நடுங்குகிறது. வண்டியை நிறுத்திவிட்டேன்.

அட்டையில் மூன்று இடம்: கிளட்ச் ஹவுசிங் கீழே கறுப்பு, பின் இடது சக்கரத்தின் கீழே நிறமில்லாத ஈரம், இன்ஜின் இடப்பக்கம் இரண்டு சின்னப் புள்ளி.

யாழ் மைனர்:

பிறேக் ஒயிலைப் பற்றிக் கதைப்பதால் நானும் ஒன்று சொல்கிறேன். என்னிடம் இருப்பது மொறிஸ் மைனர் 1000. உங்கள் அம்பாசடருக்கு மூலமான மொறிஸ் ஒக்ஸ்போட் வந்த வீட்டிலேதான் இதுவும் பிறந்தது. மைனரில் மாஸ்டர் சிலிண்டர் பொனெற்றுக்குள் இல்லை. சாரதியின் காலடியில், தரைத் தகரத்துக்குக் கீழே, சேஸின் நீளச் சட்டத்துக்குள் இருக்கிறது. விரிப்பைத் தூக்கி, இறப்பர் மூடியைக் கழற்றித்தான் ஒயில் மட்டம் பார்க்க வேண்டும். அதனால் ஒருவரும் பார்ப்பதில்லை. சிலிண்டரின் பின்பக்கம் ஒழுகினால் ஒயில் சட்டத்துக்குள்ளேயே தேங்கும், நிலத்தில் ஒரு சொட்டும் விழாது. பெயின்ரைக் கரைத்துவிடும், பிறகு அந்த இடத்தில் துரு பிடிக்கும்.

எனக்கு இது தெரியவந்தது நல்லூரடியில். மிதித்த பெடல் மெதுமெதுவாகக் கீழே போய்க்கொண்டே இருந்தது. திரும்பத் திரும்ப மிதித்து, கை பிறேக்கைப் பிடித்து நிற்பாட்டினேன். மைனர் வைத்திருக்கிறவர்கள் மாதம் ஒருக்கால் அந்த விரிப்பைத் தூக்குங்கோ. தரை காய்ந்திருப்பதை மட்டும் நம்பாதையுங்கோ.

பட்டறை கோவை:

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னது பெரிய விஷயம். பெடல் நான்கு வகையாகப் பேசும். மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று. ஒருமுறை மிதித்துப் பிடிக்காமல் இரண்டாம் முறை பிடித்தால் அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கிறது. மிதித்தபடி இருக்கும்போதே கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டருக்குள் ரப்பர் கப் அழுத்தத்தை விட்டுவிடுகிறது. பிரேக்கை விட்டபின்னும் சக்கரம் இறுக்கமாகச் சுற்றினால் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கிறது. அந்த ஹோஸ் வெளியிலிருந்து பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும்.

தம்பி, இப்போது உங்கள் சக்கரத்துக்கு வருவோம். டிரம்மைக் கழற்றுங்கள். உள்ளே பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் இரண்டு பக்கத்து ரப்பர் உறையையும் விரலால் லேசாக விலக்குங்கள். உள்ளே ஈரமிருந்தால் அதுதான் இடம். பிஸ்டனை வெளியே எடுத்து, துளையின் உட்சுவரை டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி இருந்தால் புது ரப்பர் கிட் போட்டால் போதும். அம்மை வடு மாதிரி குழி குழியாக இருந்தால் கிட் போட்டுப் பிரயோசனமில்லை. புது ரப்பரை அந்தக் குழிகள் ஒரு மாதத்தில் கிழித்துவிடும். சிலிண்டரையே மாற்றுங்கள். உத்தரபாராவில் 2014 வரை அம்பாசடர் தயாரித்தார்கள் என்பது உங்களுக்கு அதிர்ஷ்டம்; பிரேக் சாமான் இன்னும் கிடைக்கிறது. கிடைக்காத பழைய வண்டிக்காரர்கள் லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கிப் பித்தளை அல்லது ஸ்டீல் ஸ்லீவ் இறக்கிக்கொள்வார்கள். கைதேர்ந்தவர் செய்தால் அது புதுச் சிலிண்டரைவிட நன்றாக உழைக்கும்.

அந்தக் குழிகள் ஏன் விழுகின்றன? நாம் போடும் டாட் 3, டாட் 4 ஃபுளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அது 155 அளவுக்கு வந்துவிடும். டாட் 3-க்கு அதுவே 205-ம் 140-ம். ஏற்காடு, கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கும்போது பெடல் திடீரென்று பஞ்சாவதற்கு இது ஒரு காரணம். நின்றுகிடக்கும் வண்டியில் அந்தத் தண்ணீர் தாழ்ந்த இடமான வீல் சிலிண்டரில் இரும்பை அரிக்கும். இரண்டரை வருடம் ஓடாமல் கிடந்ததுதான் உங்கள் வண்டிக்கு வினையாகியிருக்கும். அதனால் ஒரு சக்கரத்தோடு நிறுத்தாதீர்கள். நான்கையும் திறந்து பாருங்கள், முன்னே இரண்டு, பின்னே ஒன்று என்று மூன்று ஹோஸையும் மாற்றுங்கள். பழைய ஃபுளூயிட் முழுவதும் வெளியேறும்வரை புதிதை விட்டு, லைனில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள் (ஏர் எடுப்பது).

ஃபுளூயிடில் நனைந்த பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவி, நெருப்பில் வாட்டி மறுபடி போடும் பழக்கம் நிறையப் பட்டறைகளில் உண்டு. நானும் ஆரம்பத்தில் செய்திருக்கிறேன். தவறு. முதல் நாள் பிடிக்கும். சூடேறியதும் உள்ளே ஊறியது கசிந்து வெளியே வரும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அந்த அச்சில் இரண்டு பக்கத்துக்கும் புது லைனிங் ஒட்டுங்கள்.

ஹெரால்டு வண்டலூர்:

சிலிக்கான் பிரேக் ஃபுளூயிட், அதாவது டாட் 5, தண்ணீர் உறிஞ்சாது, பெயின்டையும் அரிக்காது. காட்சி வண்டிகளுக்கு அதைப் போடச் சொல்கிறார்களே ஐயா?

பட்டறை கோவை:

போடலாம், ஆனால் பழைய ஃபுளூயிட் ஒரு துளி இல்லாமல் கழுவி, எல்லா ரப்பரையும் மாற்றியபின்தான். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. எப்படியோ உள்ளே போன தண்ணீர் அதில் கரையாமல் ஒரே இடத்தில் தங்கும். பெடலும் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும். ஓட்டுகிற வண்டிக்கு டாட் 4 போட்டு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதுதான் என் வழி. டாட் 5.1 என்பது வேறு, அது டாட் 4 குடும்பம். பெயரைப் பார்த்துக் குழம்பிவிடக் கூடாது. பிரேக்கில் இன்ஜின் ஆயில், மற்ற மினரல் ஆயில் எதையும் ஒரு சொட்டுக்கூட விடக் கூடாது. ரப்பர் கப்பெல்லாம் ஊறிப் பெருத்துச் சிக்கிக்கொள்ளும்.

ஹெரால்டு வண்டலூர்:

நன்றி ஐயா. இனி இன்ஜின் ஆயில் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் காரைக்குடி நண்பரிடம் பட்டறையில் சொன்னதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. "பின் ஆயில் சீல் போய்விட்டது" என்றார்களாம். உங்கள் 1489 சிசி இன்ஜினில் கிராங்கின் பின்பக்கம் ரப்பர் ஆயில் சீலே கிடையாது! மூன்று மெயின் பேரிங் வைத்த அந்தக் கால பி சீரிஸ் இன்ஜின் அது. கிராங்கின் பின் முனையில் ஒரு மரை வெட்டியிருப்பார்கள். கிராங்க் சுற்றும்போது அந்த மரை, பின்னால் வரும் ஆயிலை உள்நோக்கித் தள்ளிச் சம்புக்கே (அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்கே) அனுப்பிவிடும். மைனரின் ஏ சீரிஸிலும் இதே கதைதான். சுற்றும்போது மட்டும் வேலை செய்யும் அடைப்பு அது. இன்ஜினை நிறுத்தியதும் கொஞ்சம் கசிவது அதன் பிறவிக் குணம்.

இருந்தாலும் ஊத்தப்பம் அளவு அதிகம்தான். சம்புக்குள் அழுத்தம் ஏறினால் அந்த மரையால் சமாளிக்க முடியாது. உள்ளே ஏறிய காற்று, ஆயிலைக் கூட்டிக்கொண்டு வெளியேறிவிடும்.

பட்டறை கோவை:

ஹெரால்டு தம்பி சரியாகப் பிடித்தார். இல்லாத சீலை மாற்ற இன்ஜினை இறக்கியிருப்பார்கள். இதற்கு அவர்களை மட்டும் குறை சொல்லவில்லை, இந்த இன்ஜினைத் திறந்து பார்த்த கைகள் குறைந்துவிட்டன.

வரிசையாக இதைப் பாருங்கள். டிப்ஸ்டிக்கில் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியில்) ஆயில் மேல் கோட்டுக்கு மேலே இருக்கிறதா? எவ்வளவு கூட இருக்கிறதோ அவ்வளவும் வெளியேதான் வரும். எந்த ஆயில் போட்டிருக்கிறீர்கள்? புது வண்டிக்கு வரும் மெலிந்த ஆயில் இதற்கு ஆகாது, 20டபிள்யூ-50 போடுங்கள். போர்ட்டிகோ தரை சரிவாக இருந்தால் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தாதீர்கள். ஆயில் பின்னால் வந்து நிற்கும்.

அடுத்தது ப்ரீதர். இன்ஜின் பக்கவாட்டில் இரண்டு டேப்பட் கவர் இருக்கும். முன் கவரிலிருந்து ஒரு குழாய் கீழ்நோக்கி இறங்கும். இன்ஜின் மூச்சு விடும் வழி அது. அது அடைந்தால், பிஸ்டன் ரிங் நன்றாக இருந்தாலும், ரிங் தேய்ந்து சிலிண்டர் வாயு கீழே இறங்கும் (பேக் கம்ப்ரஷன் அடிக்கிற) இன்ஜின் மாதிரியே நடக்கும், எல்லா ஜாயின்டிலும் கசியும். அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுத்தம் செய்யுங்கள். மேலே ஆயில் ஊற்றும் மூடியையும் கழுவுங்கள். அதன் பிறகும் குழாயில் புகை தள்ளினால் அப்போது ரிங்கைப் பற்றிப் பேசலாம்.

கடைசியாக ஒரு சின்னச் சாமான். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு ஓட்டை இருக்கும், அதில் ஒரு ஸ்பிளிட் பின் லொடலொட என்று தொங்கும். அது உடைந்துபோன மிச்சம் என்று நினைத்துப் பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. வண்டி ஓடும்போது அது ஆடி ஆடி ஓட்டையில் அழுக்கு அடையாமல் பார்த்துக்கொள்ளும். பின்னால் கசியும் ஆயில் கிளட்ச் பிளேட்டில் படாமல் வெளியே போகத்தான் அந்த ஓட்டை. அதை மட்டும் அடைக்கவே கூடாது. உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்ரோல் வாசம்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அட்டையில் "இன்ஜின் இடப்பக்கம் இரண்டு சின்னப் புள்ளி" என்றிருந்தீர்கள். அதை யாரும் கவனிக்கவில்லை. மோந்து பார்த்தீர்களா? பெட்ரோல் சொட்டினால் பெரும்பாலும் காய்ந்துபோய் ஒரு மங்கல் வளையம் மட்டும் மிஞ்சும். இந்த இன்ஜினில் கார்புரேட்டரும் சைலன்சர் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். கார்புரேட்டர் மேலே, கொதிக்கிற இரும்பு கீழே. அங்கே சொட்டுகிற பெட்ரோலை நாளைக்கு என்று தள்ளிப்போட முடியாது.

நான் எரிபொருள் துறையில் வேலை பார்க்கிறேன். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது, இப்போது நாடு முழுக்க பெட்ரோல் பங்க்குகளில் அதுதான். எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை மென்மையாக்கி வெடிக்க வைக்கும், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தை (உள்ளே இருக்கும் சவ்வை) விறைக்கச் செய்யும், தண்ணீரை இழுத்து டேங்கின் அடியில் துருவைக் கிளப்பும். சில எஸ்யூ கார்புரேட்டர்களில் ஜெட்டைச் சுற்றித் தக்கை வளையம் இருக்கும். நின்றுகிடந்த வண்டியில் தக்கை காய்ந்து சுருங்கும், அதனாலும் சொட்டும்.

டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பரையும் மாற்றுங்கள். மேலே "ஆர்9" என்று அச்சிட்ட ஹோஸ் எத்தனாலைத் தாங்கும். பளபளப்பாக இருக்கிறதே என்று மீட்டர் கணக்கில் விற்கும் ட்யூபை வாங்காதீர்கள். வண்டி மாதக்கணக்கில் நிற்கப் போகிறதென்றால் டேங்கில் கொஞ்சமாக விட்டுவைக்காதீர்கள். சீட்டுக்கு அருகில் ஒரு தீயணைப்பான் கட்டாயம் வேண்டும்.

யாழ் மைனர்:

பெற்றோல் எண்டதும் எங்கள் ஊர்க் கதை ஒன்று. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காது. மைனரும் ஒஸ்ரின் ஏ40-யும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அப்பா அப்படித்தான் ஓட்டினார். அந்தக் காலத்தில் எல்லா வண்டியும் ஒழுகியது, ஏன் தெரியுமோ? எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே வழிந்து சம்புக்குள் இறங்கி, எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். ஒயில் மட்டம் குறையாது, கூடும்! அப்பா ஒவ்வொரு காலையும் டிப்ஸ்டிக்கை இழுத்து, ஒயிலை விரலில் தேய்த்து, மணந்து பார்ப்பார். மணத்தால் அது பழுதென்று தெரிந்துவிடும். கனகாலம் கழித்து இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பெற்றோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தாலும் பெற்றோல் சம்புக்குள் போகும். நீங்களும் ஒருக்கால் டிப்ஸ்டிக்கை மணந்து பாருங்கோ தம்பி.

ஹெரால்டு வண்டலூர்:

இதைப் படித்துவிட்டு நானும் இன்று காலை டிப்ஸ்டிக்கை மோந்து பார்த்தேன். நன்றி அண்ணா.

என் வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு, சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் தயாரானது. அதில் இன்ஜினின் முன்பக்கம், சம்புக்கு மேலே ஒரு அலுமினியக் கட்டை வரும். அதன் இரண்டு ஓரத்தையும் அடைக்க என்ன வைத்திருக்கிறார்கள் தெரியுமா? மரத்துண்டு. சின்ன மர ஆப்பு இரண்டு. முதல்முறை சம்பைக் கழற்றியபோது யாரோ அவசரத்துக்குச் சொருகியிருக்கிறார்கள் என்று நினைத்து அதை எடுத்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் பேஸ்ட் அப்பினேன். பத்து நாளில் ஒழுகியது. பிறகுதான் மேனுவலைப் பார்த்தேன், கம்பெனி வைத்ததே மரம்தான். எங்கள் தெருத் தச்சர் பேக்கிங் பெட்டிப் பலகையில் இரண்டு ஆப்பு செதுக்கித் தந்தார். அடித்து இறக்கி, விளிம்போடு சமமாக உளியால் சீவினேன். ஆயில் பட்டதும் மரம் ஊறி உப்பி இறுகிவிட்டது. நான்கு வருடமாகச் சொட்டு இல்லை.

ஹெரால்டுகாரர்கள் யாராவது இதைப் படித்தால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முன் சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியனிலிருந்து கியர் ஆயில் கசிந்தால் கவலைப்படாதீர்கள். ஒழுகுகிறதே என்று அங்கே கிரீஸ் அடிக்காதீர்கள். அந்த மரைக்கு ஆயில்தான் விதி. கிரீஸ் உள்ளே கட்டிப்போய் நிற்கும், பிறகு மரை துருப்பிடித்து, ஒருநாள் திருப்பத்தில் சக்கரம் மடங்கிவிடும்.

பட்டறை கோவை:

ஆகா, அந்த மரக்கட்டையைப் பார்த்து நாற்பது வருடம் ஆகிறது.

தண்ணீரை மறந்துவிட்டோம். வாரம் ஒரு சொம்பு குறைந்து தரை காய்ந்திருந்தால், ஒன்று ஓடும்போது சூட்டில் கசிந்து ஆவியாகிறது, இல்லையென்றால் இன்ஜின் சிலிண்டருக்குள் போகிறது. டிப்ஸ்டிக்கில் மோர் மாதிரி வெளுத்திருக்கிறதா? சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா? இரண்டும் இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்பை) தொடாதீர்கள். வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டை, ஹோஸ் கிளிப்புகள், பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகடுகள் எல்லாவற்றிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் காய்ந்துபோகும், உப்பு காட்டிக்கொடுக்கும்.

ரேடியேட்டர் மூடியில் என்ன எண் இருக்கிறது? அந்தக் காலத்து ரேடியேட்டர்களுக்கு 4, 7 பவுண்டு மூடிதான் வழக்கம். கடையில் கேட்டால் இப்போதைய வண்டியின் 13, 15 பவுண்டு மூடியைத் தந்துவிடுவார்கள். ஐம்பது வருடப் பழைய ஈயப் பற்று அந்த அழுத்தத்தைத் தாங்காது. மஞ்சள் தூளை மட்டும் போட்டுவிடாதீர்கள். நடுவழியில் நின்றால் வீடு வந்து சேரப் போடலாம், நானே போட்டிருக்கிறேன். ஆனால் அது ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை, நல்ல குழாய்களிலும் படியும். பிறகு ரேடியேட்டரின் மேல் தொட்டியைக் கழற்றிக் கம்பி விட்டுத்தான் குத்தி எடுக்க வேண்டும்.

காரைக்குடி மார்க்2:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். ஊரிலேயே எழுபது வயது மெக்கானிக் ஒருவர் கிடைத்தார். நீங்கள் எல்லோரும் எழுதியதை அச்செடுத்து எடுத்துப்போய் அவரிடம் படித்துக் காட்டினேன். ஸ்பிளிட் பின் என்றதும் தலையாட்டினார்.

முதலில் பிரேக். இடது பின் சிலிண்டரில் நீங்கள் சொன்ன அதே அம்மை வடு. வலது பின்னிலும் இரண்டு குழி ஆரம்பித்திருந்தது. முன்பக்கம் பரவாயில்லை, கிட் மட்டும். பின்னால் இரண்டும் புதுசு, மூன்று ஹோஸ் புதுசு, நான்கு லைனிங் புதுசு. வெளியே வந்த பழைய ஃபுளூயிட் கடுங்காப்பி நிறம். டிரம்மைக் கழற்றியபோது அப்பா பென்சிலால் உள்ளே எழுதியிருந்த தேதி இருந்தது, 11.3.1998. கழுவாமல் விட்டுவிட்டோம்.

இடப்பக்கப் புள்ளி பெட்ரோல்தான். கார்புரேட்டருக்கு ஏறும் ஹோஸை மடக்கியதும் முறுக்கு மாதிரி நொறுங்கியது. மாற்றியாகிவிட்டது. டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை இல்லை அண்ணை, பம்பு நன்றாக இருக்கிறது.

இனி ஆயில். ப்ரீதர் குழாயைக் கழற்றினோம். உள்ளே கம்பி விட்டால் போகவில்லை. தட்டிப் பார்த்தால் செம்மண் உதிர்ந்தது. குளவி கூடு கட்டியிருந்தது! வண்டி நின்ற இரண்டரை வருடத்தில் கீழ் முனையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு மண் அப்பி, மூன்று அறை வைத்திருந்தது. காய்ந்துபோன புழுக்கூடுகள்கூட அப்படியே இருந்தன. இன்ஜின் மூச்சுவிட வழியில்லாமல் தவித்திருக்கிறது.

கிளட்ச் ஹவுசிங் ஓட்டையைத் தேடினால் காணோம். எப்போதோ யாரோ எம்-சீல் வைத்து அடைத்து, மேலே பெயின்டும் அடித்திருந்தார்கள். பெரியவர் உளியால் மெல்லத் தட்டி எடுத்ததும் கால் லிட்டருக்கு மேல் கறுப்பு ஆயில் கொட்டியது. இவ்வளவு நாளும் அது உள்ளே நிரம்பி ஜாயின்ட் வழியாக வழிந்திருக்கிறது. ஓட்டையைச் சுத்தம் செய்து புது ஸ்பிளிட் பின் தொங்கவிட்டோம். டேப்பட் கவர் இரண்டுக்கும் புது தக்கை கேஸ்கெட். முன்பு இறுக்கி இறுக்கிக் கவரின் ஓரமே வளைந்திருந்தது, அதைச் சமமான பலகையில் வைத்துத் தட்டி நிமிர்த்தினார். சம்ப் நட்டின் செம்பு வாஷரைப் புதிதாக வாங்கச் சொல்வார் என்று நினைத்தேன். வீட்டு கேஸ் அடுப்பில் இடுக்கியால் பிடித்துச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டார். "சூடு காட்டினா செம்பு இளகிடும், மறுபடி நல்லா உட்காரும்" என்றார். கையில் வாங்கிப் பார்த்தேன், கறுப்பு உதிர்ந்து ரோஜா நிறத்தில் இருந்தது.

தண்ணீர் போனதற்கு மூடிதான் காரணம். 15 பவுண்டு. ரேடியேட்டரின் மேல் பற்றில் உப்புக் கோடு. பற்றவைத்து, 7 பவுண்டு மூடி போட்டோம். போர் தண்ணீரை விட்டுவிட்டுச் சுத்தமான தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றினோம். தெரு நாய்கள் வந்து நக்கிவிடக் கூடாது என்று கூலன்ட் கேனை மேல் பரணில் வைத்திருக்கிறேன், அது இனிக்கும் விஷம் என்று பெரியவர் எச்சரித்தார்.

எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரத்துச் சொச்சம். இன்ஜின் அதன் இடத்திலேயே இருக்கிறது.

பட்டறை கோவை:

குளவியை நான் எதிர்பார்க்கவில்லை தம்பி. வாசித்துவிட்டு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். பின் அச்சு ஹவுசிங்கின் மேலேயும் ஒரு சின்ன ப்ரீதர் இருக்கும், அங்கேயும் பார்த்துவிடுங்கள். அது அடைந்தால் கியர் ஆயில் ஹப் சீலைத் தாண்டி உங்கள் புது லைனிங்கில் இறங்கும்.

இப்போது அட்டையில் எத்தனை சொட்டு?

காரைக்குடி மார்க்2:

அச்சு ப்ரீதரும் அடைந்துதான் இருந்தது ஐயா, வெறும் சேறு. ஊதிவிட்டோம்.

இன்று காலை அட்டையில் நான்கு சொட்டு, எல்லாம் ஸ்பிளிட் பின்னுக்கு நேர் கீழே. போர்ட்டிகோவில் இப்போது ரிவர்ஸில் ஏற்றி நிறுத்துகிறேன். அம்மா ஒரு பழைய அலுமினியத் தாம்பாளத்தில் மணல் கொட்டி அங்கே வைத்திருக்கிறார். அப்பா இருந்தபோதும் அதே இடத்தில் அதே தாம்பாளம்தான் இருந்ததாம். அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளையார்பட்டிக்கு மறுபடி போகிறோம்.